உதறும் இடம்

பெட்டி அசைந்தது.

கடைத்தெரு முனையில் வண்டியைத் திருப்புவதற்காக டிரைவர் பிரேக்கை மிதித்தபோதுதான் அது நடந்தது. முதலில் தரை ஒருமுறை திடுக்கிட்டது. பிறகு தட் தட் தட்டென்று வண்டி முழுதும் உதறத் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் குளிர்ஜுரக்காரன் பல்லைப்போல அடித்துக்கொண்டன. ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த மலர்வளையம் ஒன்று எழுந்து நின்று, சற்று யோசித்து, நாத்தனாரின் மடியில் போய் உட்கார்ந்தது. நடுவில் மேடைமேல் பட்டை போட்டுக் கட்டியிருந்த பெட்டி இடமும் வலமுமாகக் குலுங்கியது. உள்ளே எதுவோ மரத்தில் இடித்தது.

"ஐயோ, அசையுறாரு! எங்க அண்ணனுக்கு உசுரு இருக்கு!" என்று நாத்தனார் அலறினாள்.

"வண்டி அசையுது. அவரு அசையல," என்றாள் அவர் மனைவி டீச்சர்.

"என் காதால கேட்டேன் அண்ணி. உள்ளேருந்து தட்டுறாரு."

"அது மூக்குக் கண்ணாடிக் கூடு. நான்தான் பக்கத்துல வெச்சேன்."

"அங்க போயி என்னத்தப் பாக்கப் போறாரு?"

"இங்க மட்டும் அவருக்குக் கண்ணாடி எதுக்கு? எங்கயாவது மறந்து வெச்சுட்டு என்னைத் திட்டுறதுக்குத்தானே. இருக்கட்டும்."

வண்டி நின்றது, உதறலும் நின்றது. மறுபடி கிளம்பியதும் எல்லோரும் மூச்சு விட்டார்கள், ஒருவரைத் தவிர. அவர் நேற்றுப் பகல் தூக்கத்திலேயே மூச்சை விட்டுவிட்டவர்.

போனவர் பணிமனையில் பேருந்துகளுக்கு பிரேக் பார்த்த மேஸ்திரி. அடக்கம் என்ற குணம் அவரிடம் இருந்ததாக அவரை விரும்பியவர்கள்கூடச் சொன்னதில்லை. "பஸ்ஸு இங்க வரவே வேணாம்டா. முனையில மிதிக்கட்டும். நான் குளிச்சுக்கிட்டே சொல்லுவேன் என்ன கோளாறுன்னு," என்பார். சொல்லவும் செய்வார், துண்டோடு வாசலுக்கு ஓடிவந்து. பிள்ளை இல்லாத வீட்டில் பேச்சுக்குப் பிள்ளையாக அந்த பிரேக்தான் வளர்ந்தது. சாப்பிடும்போது பிரேக். விருந்தாளி வந்தால் பிரேக். ஒருமுறை டீச்சருக்குக் காய்ச்சல் வந்து உடம்பு நடுங்கியபோது நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சூட்டுனால வர்ற உதறல். ஆறினா நின்னுடும்," என்றார். ஆறியதும் நின்றது. அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

பெரிய வண்டி உதறுகிறது என்று யார் வந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். எங்கே உதறுகிறது? கையில் உதறினால் முன் சக்கரம்; சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் கோணியிருக்கிறது, அந்த ஆட்டம் ஸ்டீயரிங் வழியாக டிரைவரின் கைக்கு ஏறி வருகிறது. ஒரு மனிதன் எதன்மேல் உட்காருகிறானோ அதில் உதறினால் பின் சக்கரம். ஆட்டம் தரை வழியாக வந்து சீட்டைப் பிடிக்கிறது. இதைப் பணிமனையில் அவர் ஒரே வரியில், பாட்டுப்போல ஓசை நயத்தோடு சொல்வார். அந்த வரியின் பிற்பாதி டீச்சர் காதில் விழும்படி சொல்லக்கூடியதல்ல.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் நல்லொழுக்க வகுப்பு எடுத்தவள். கல்யாணமான புதிதில், சாப்பாட்டு நேரத்தில், அந்த வரி முழுசாக அவள் காதில் விழுந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த வார்த்தை இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"பின்ன, பின் சக்கரத்தை எப்படித்தான் சொல்றது?"

"பின் சக்கரம்னு சொல்லுங்க."

"சக்கரம் எதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குத்தானேடி அந்த வார்த்தையே!"

வாதத்தில் அவர் ஜெயித்தார். வீட்டில் அவள் ஜெயித்தாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் 'கையிலயா, அதுலயா' என்றாயிற்று. அந்த வார்த்தை மட்டும் அவருடைய செருப்போடு வாசலிலேயே நின்றது. காலையில் செருப்பைப் போடும்போது அதையும் போட்டுக்கொண்டு போவார்.

இப்போது அவரைச் சுமந்து போகும் இந்த வண்டிக்கு 'அமைதிப் பயணம்' என்று பெயர். பழைய பேருந்து ஒன்றை வாங்கி, பாதி சீட்டைக் கழற்றி, பெட்டி வைக்க மேடை கட்டி, சொந்தக்காரர்கள் உட்கார ஓரத்தில் நீள இருக்கை போட்டது நலச் சங்கம். அந்தச் சங்கத்தின் தலைவர் டீச்சரின் கூடப்பிறந்த தம்பி. ஊரில் எல்லோரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பமாட்டார். வண்டியின் இரண்டு பக்கமும் அவர் கைகூப்பிச் சிரிக்கும் படம், ஜன்னலைவிடப் பெரிதாக. வண்டி போகும் தெருவில் நிற்பவர்கள் படத்தைப் பார்த்து, "அடப்பாவமே, நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு," என்று உச்சுக்கொட்டுவார்கள். ஒருவர் மலர்வளையம் வாங்கிக்கொண்டு நேரே தலைவரின் வீட்டுக்கே போய்விட்டார். கதவைத் திறந்ததும் தலைவர்தான். வந்தவர் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, "பரவால்ல, வெச்சிக்கிங்க," என்று கொடுத்துவிட்டு வந்தாராம்.

இந்த வண்டிக்குத் திறப்பு விழா நடந்த கதையும் உண்டு. ரிப்பன் வெட்ட ஒரு பெரிய மனிதர் வேண்டும் என்று தலைவர் பிடிவாதமாக இருந்தார். பெரிய மனிதருக்குத் தேதி கிடைக்கவில்லை. புது வண்ணம் பூசிய வண்டி அந்த மழைக்காலம் முழுதும் மைதானத்தில் ரிப்பனோடு நின்றது. அந்த மழைக்காலத்தில் செத்தவர்கள் பழையபடி வாடகை வண்டியில் போய்ச் சேர்ந்தார்கள்.

ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே வண்டி உதறியது. போன மாதம் டிரைவர் வீட்டுக்கு வந்தார். பெரிய மீசை, சின்னக் குரல். மேஸ்திரி அதற்குள் படுக்கையோடு படுக்கையாகியிருந்தார். வாய் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தது.

"மிதிச்சா உதறுதா? எங்கடா உதறுது? கையிலயா, இல்ல..." டீச்சர் தேநீரோடு உள்ளே வருவதைப் பார்த்துவிட்டு, "...அதுலயா?" என்று முடித்தார்.

டிரைவர் தேநீரைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். மறுபடி தேநீரைப் பார்த்தார்.

"கையிலதான் அண்ணே."

"அப்ப முன்னாடி. ரெண்டு டிரம்மையும் கழட்டி லேத்துல ஏத்தி ஒரு சீவு சீவச் சொல்லு. முடிஞ்சுது."

முடியவில்லை. பணிமனையில் முன் டிரம்களைச் சீவினார்கள், லைனிங்கை மாற்றினார்கள். அடுத்த வாரம் வண்டி யாரையோ ஏற்றிக்கொண்டு தெருமுனையில் திரும்பியபோது மேஸ்திரி படுத்தபடியே காதைத் தீட்டினார். தட் தட் தட். அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. பார்க்க வந்த ஃபிட்டர், எல்லோரும் 'குச்சி' என்று கூப்பிடும் நெட்டை ஆள், ஆறுதல் சொல்வதாக நினைத்து, "ஆயிரத்துல ஒண்ணு தப்பும் மேஸ்திரி. வயசாகுதில்ல," என்றான். அவன் போன பிறகு மேஸ்திரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கையிலன்னானே. கையிலன்னா முன்னாடிதானேடி?" என்று கேட்டார். மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாள், "சரி, நான்தான் தப்பா சொல்லிட்டேன் போல," என்றார். கல்யாணமான நாளிலிருந்து டீச்சர் அவர் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்த வாக்கியம் அது. வந்தபோது கேட்கச் சகிக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன்," என்றார் அவர். "அந்த வண்டியில உதறிக்கிட்டே என்னைக் கொண்டுபோயிடாதே. பிரேக் மேஸ்திரி போறான் பாருன்னு வழியெல்லாம் சிரிப்பானுங்க."

"உதறாமத்தான் கொண்டுபோவேன். தூங்குங்க."

"வாக்கா?"

"வாக்கு."

அப்படித்தான் வாக்குக் கொடுத்தாள். இன்று காலை தலைவர் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது, "உதறல் என்னாச்சு?" என்றுதான் முதலில் கேட்டாள். "எல்லாம் சரி பண்ணியாச்சுக்கா. இப்ப வண்டி வெண்ணெய் மாதிரி போகுது," என்றார் தலைவர். பக்கத்தில் நின்ற டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

இப்போது வெண்ணெய் மறுபடியும் உதறப் போகிறது. பணிமனை வாசல் வந்துவிட்டது. அங்கே வண்டியை நிறுத்தி இரங்கல் கூட்டம் என்று தலைவரின் ஏற்பாடு. டீச்சர் இந்த முறை தயாராக இருந்தாள். கால் இரண்டையும் தரையில் பதித்தாள். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள், இன்னொரு கையைப் பெட்டியின் மேல் வைத்தாள். டிரைவர் மிதித்தார். தட் தட் தட். மலர்வளையம் நாத்தனாரின் மடிக்கு மறுபடி வந்தது. இந்த முறை அவள் அதை எதிர்பார்த்துப் பிடித்துக்கொண்டாள். "ரோடு சரியில்ல," என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த தலைவர், போன வருஷம் அந்த ரோட்டைப் போடவைத்ததே தான்தான் என்று இந்த வாசலிலேயே பேசியவர்.

டீச்சர் பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தாள். உதறல் தனக்கு எந்த இடத்தில் தெரிந்தது என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அந்த இடத்துக்குத்தான் அவள் வீட்டில் பெயர் கிடையாது.

தலைவர் இறங்கி ஒலிபெருக்கியை நோக்கிப் போனதும் அவள் எழுந்து டிரைவர் சீட்டுக்கு வந்தாள்.

"மிதிச்சப்ப ஸ்டீயரிங் ஆடுச்சா?"

"இல்ல டீச்சர்."

"கொஞ்சம்கூட?"

"வெச்ச கை வெச்ச இடத்துல இருக்கு டீச்சர். இது என்னைக்குமே ஆடினதில்ல."

"அப்ப அன்னைக்கு எங்க வீட்டுல ஏன் கையிலதான்னு சொன்னீங்க?"

மீசை மெல்லக் கீழே இறங்கியது.

"நீங்க நின்னுக்கிட்டிருந்தீங்க டீச்சர்."

"நின்னா?"

"அந்த வார்த்தைய உங்க முன்னாடி எப்படி டீச்சர் சொல்றது? எங்க பொண்ணே உங்ககிட்டதான் படிச்சுது."

"அவரே 'அதுலயா'ன்னு மறைச்சுத்தானே கேட்டாரு? ஆமான்னு தலைய ஆட்டியிருக்கலாமே."

"ஆட்டினாலும் நீங்க அதைத்தானே டீச்சர் நினைப்பீங்க?" டிரைவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சரி, மேஸ்திரி ஆளு, கையிலன்னு சொன்னாலும் எப்படியும் கண்டுபிடிச்சுடுவாருன்னு விட்டுட்டேன். அப்புறம் சொல்ல வெக்கமாயிடுச்சு."

டீச்சருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வயிற்றிலிருந்து வேறு ஏதோ கிளம்பி வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கீழே நின்றவர்களில் இரண்டு பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், இப்பத்தான் அழுகை வருது," என்று ஏறி வந்து அவளைத் தாங்கிக்கொண்டார்கள். சிரிப்பு அடங்கியபோது கைக்குட்டை ஈரமாகத்தான் இருந்தது.

அவர் தப்பாகச் சொல்லவில்லை. கையில் என்றால் முன்னால். கையில் என்றுதானே சொன்னார்கள்.

வெளியே தலைவர் காகிதக் கட்டை விரித்திருந்தார். எதிரே பணிமனை ஆட்கள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். வெள்ளை அவர்களுக்குப் பழக்கமில்லை; எங்காவது பட்டுவிடும் என்று கைகளை உடம்பிலிருந்து தள்ளியே வைத்திருந்தார்கள்.

"...பிழை என்பதையே அறியாத பெருந்தகை எங்கள் மாமா!" என்று தலைவர் முழங்கினார். ஃபிட்டர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அவர்களுக்கு முன் டிரம் நினைவு வந்தது. "நடமாடும் பேருந்துகளின் நாடித் துடிப்பை அறிந்த நல்லவர்! அதிர்வு எங்கே என்று அன்னாரிடம் கேட்டால் அவர் என்ன உரைப்பார்? கரத்திலே அதிர்ந்தால் முன்புறம்! ஆசனத்திலே அதிர்ந்தால் பின்புறம்! என்று உரைப்பார்!"

வரிசையில் யாரோ தும்முவதுபோல் ஒரு சத்தம் செய்தார்கள். குச்சி பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளினான்.

டீச்சர் இறங்கி வந்தாள்.

"தம்பி, கொஞ்சம் நகரு."

"அக்கா, இன்னும் நாலு பக்கம் இருக்கு," என்று தலைவர் ஒலிபெருக்கியை மறந்து, அதற்குள்ளேயே குசுகுசுத்தார். தெரு முழுதும் அந்தக் குசுகுசுப்பைக் கேட்டது.

"அவரு உன் பேச்சுல எப்பவும் பாதியிலயே எந்திரிச்சுப் போயிடுவாரு. இன்னைக்குத்தான் முடியல. நகரு."

தலைவர் நகர்ந்தார். டீச்சர் ஒலிபெருக்கியின் உயரத்தைச் சரிசெய்தாள். வகுப்பு தொடங்கும் முன் செய்வதுபோல ஒருமுறை எல்லோரையும் பார்த்தாள். வரிசை தானாக நேராயிற்று.

"அவரு ஆசனம்னு சொன்னதே இல்ல," என்றாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டாள். "கையில உதறினா முன்னாடி. குண்டியில உதறினா பின்னாடி. அப்படித்தான் சொல்லுவாரு."

அந்த ஒலிபெருக்கி வாங்கிய நாளிலிருந்து ஒரு சொல்லையும் ஒழுங்காகச் சொன்னதில்லை. இந்த ஒன்றை மட்டும் கண்ணாடிபோலச் சொன்னது. எதிர்ச்சுவரில் பட்டு அது ஒருமுறை திரும்பி வந்தது. நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டு, பிறகு ஒரு காதைத் திறந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"டிரைவர் என்மேல இருந்த மரியாதையில அன்னைக்குக் கையிலன்னு சொல்லிட்டாரு. நான் இப்ப அந்த வண்டியிலதான் வந்தேன்," என்றாள் டீச்சர். "எனக்குக் கையில உதறல."

முதலில் குச்சிதான் வெடித்தான். அப்புறம் வரிசை முழுதும் உடைந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிரைவர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஹாரன் ஒருமுறை நீளமாக அடித்தது. சிரித்து முடித்தபோது குச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல், "அப்ப மேஸ்திரி தப்பல," என்றான்.

"தப்பல," என்றாள் டீச்சர். "பின் சக்கரத்தைக் கழட்டுங்க. சரி பண்ணிட்டுத்தான் போறோம்."

"அக்கா, என்னக்கா இது! அங்க நேரம் சொல்லியிருக்கு. காத்துக்கிட்டிருப்பாங்க," என்றார் தலைவர்.

"அவருக்கு என்ன அவசரம்?"

தலைவர் நாலு பக்கத்தையும் மடித்துக்கொண்டார்.

பெட்டியை இறக்கிப் பணிமனைக்குள் கொண்டுபோனார்கள். எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பித் திரும்பி, கடைசியில் இரண்டு வேலை மேசைகளைச் சேர்த்து, எண்ணெயைத் துடைத்து, அதன்மேல் வைத்தார்கள். அவர் அந்த மேசைமேல் பலமுறை மத்தியானம் தூங்கியவர்தான். வெள்ளைச் சட்டைகள் வரிசையாக ஆணியில் தொங்கின. பனியனோடு நின்றதும் எல்லோருக்கும் முகம் தெளிந்துவிட்டது; துக்க வீட்டில் கையை என்ன செய்வது என்று காலையிலிருந்து தவித்தவர்கள்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள். எஞ்சினை ஓடவிட்டுக் காற்றழுத்தம் ஏறியதும் ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார்கள். குச்சி வலது பின் சக்கரத்தைக் கையால் சுற்றினான். டிரைவர் மேலேயிருந்து மிதியை லேசாக, முட்டையை மிதிப்பதுபோல மிதித்தார். சக்கரம் வழுக்கிக்கொண்டு வந்து ஓர் இடத்தில் கவ்வியது. விட்டது. மறுபடி அதே இடத்தில் கவ்வியது.

"இங்க. இங்க. இங்கதான்," என்று டயரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டான். இடது சக்கரமும் கவ்வியது, ஆனால் கொஞ்சம்தான்.

"மேஸ்திரி, அந்தப் பெரிய ஸ்பானரை..." என்று திரும்பாமலே கையை நீட்டினான் குச்சி.

கை அப்படியே நின்றது. டீச்சர் மேசைக்கு அடியில் பார்த்தாள். பெரிதாக இருந்ததை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்து அவன் கையில் வைத்தாள்.

"இதா?"

"இதேதான் டீச்சர்," என்றான் அவன், இன்னும் திரும்பாமல்.

போல்ட்டுகள் முனகிக்கொண்டு கழன்றன. இரட்டை டயரையும் உருட்டிச் சுவரில் சாய்த்தார்கள். டிரம்மை நாலு பக்கமும் சுத்தியலால் தட்டி வெளியே இழுத்தபோது எல்லோரும் குனிந்தார்கள். உள்பக்கம் பளபளவென்று இருக்க வேண்டிய வட்டத்தில், மிதித்தால் டிரம்மை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவின் நீள அகலத்துக்கு அப்படியே அச்சு வைத்ததுபோல இரண்டு துருத் திட்டுகள். மழையில் கழற்றாமல் விட்ட மோதிரம் விரலில் போட்ட தடம்போல.

"ஒவ்வொரு சுத்துக்கும் இந்த மேடு வந்து கவ்வும். கவ்வினா உதறும்," என்றான் குச்சி.

"அதெப்படி அங்க மட்டும் துரு?" என்றார் எட்டிப் பார்த்த தலைவர்.

"மழையில ஹேண்ட்பிரேக் போட்டபடியே ரொம்ப நாள் நின்னிருக்கு தலைவரே. ஷூ டிரம்மோட ஒட்டிக்கிட்டு, நடுவுல ஈரம் தங்கிடுச்சு. எப்ப அப்படி நின்னுச்சோ தெரியல."

எப்போது நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் திறப்பு விழா என்று சொல்லவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியை மிக அக்கறையாகப் படித்தார்கள்.

"நான்தான் போட்டேன்," என்றார் தலைவர். முதல் தடவையாக எழுதிவைத்ததைப் பார்க்காமல் பேசினார். "ரிப்பன் கட்டினதும் நானே ஏறி ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். உருண்டு ரிப்பனை அத்துடக் கூடாதேன்னு."

டீச்சர் உப்புத்தாள் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வலது டிரம் லேத்துக்குப் போயிற்று. இடது டிரம்முக்கு முன்னால் தலைவர் சப்பணமிட்டு உட்கார்ந்து துருவைத் தேய்க்கத் தொடங்கினார். இரண்டு தேய்ப்பில் சட்டைக் கை காவி நிறமானது. நாத்தனார் டயர்மேல் உட்கார்ந்து, வாங்கி வந்த தேநீரைக் குடித்துக்கொண்டு, "அங்க விட்டுட்டீங்க பாருங்க, அங்க, அங்க," என்று சொல்லிக்கொடுத்தாள். லேத்திலிருந்து இரும்புச் சுருள் பளபளவென்று இறங்கியது. மும்முரத்தில் யாரோ ஒரு ஸ்பானரைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எடுக்க ஓடிவந்தார்கள்.

"இருக்கட்டும். அவருக்குப் பழக்கம்தான்," என்றாள் டீச்சர்.

எல்லாம் மாட்டி முடித்து, பெட்டியை ஏற்றிக் கட்டியாயிற்று. வெள்ளைச் சட்டைகள் திரும்பி ஏறின, விரல் தடங்களோடு. வண்டியில் ஓர இருக்கையில் நிறைய இடம் இருந்தது. ஆனால் ஃபிட்டர்கள் யாரும் உட்காரவில்லை. பெட்டிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"உக்காருங்கப்பா, விழுந்துடுவீங்க," என்றாள் நாத்தனார்.

"இல்லக்கா. மேஸ்திரி இப்படித்தான் பாப்பாரு," என்றான் குச்சி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "எதையும் பிடிக்காம நடுவுல நிப்பாரு. மிதிச்சா ஆளு முன்னால சாயலாம். ஆடக் கூடாது. ஆடலன்னா வண்டி பாஸ்."

ஒவ்வொருவராகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தலைவர் சுற்றிலும் பார்த்தார். காகிதக் கட்டைப் பையில் செருகிவிட்டு அவரும் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

வழியில் பிரேக் போட அவசியம் வரவில்லை. டிரைவர் வேண்டுமென்றே தவிர்த்தாரோ என்னவோ. மெதுவாக, நிதானமாக ஓட்டினார். மயானத்தின் வாசல் தெரிந்தது. மலர்வளையத்துக்காக நாத்தனார் மடியைத் தயாராக வைத்துக்கொண்டாள். டீச்சர் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

டிரைவர் மிதித்தார்.

நின்றவர்கள் எல்லோரும் ஒன்றாக முன்னால் சாய்ந்தார்கள். ஒன்றாக நிமிர்ந்தார்கள். கண்ணாடிகள் பேசவில்லை. மலர்வளையம் இருந்த இடத்திலேயே இருந்தது.

நாத்தனார் பெட்டியைப் பார்த்தாள். உள்ளே எதுவும் தட்டவில்லை.

"அசையலையே அண்ணி," என்றாள் மெதுவாக.

"ம்," என்றாள் டீச்சர்.

டிரைவர் ஹேண்ட்பிரேக்கை இழுக்கக் கை நீட்டினார். "வேணாம், வேணாம்! மறுபடி ஒட்டிக்கும்!" என்று தலைவர் பதறிக் கீழே குதித்தார். காவிக் கறையோடு சாலை ஓரமாகக் குனிந்து குனிந்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் தேடினார். ஒன்றை எடுத்தார், சிறிது என்று போட்டார். இன்னொன்றை எடுத்தார், உருண்டை என்று போட்டார். டிரைவர் மிதியில் காலை வைத்தபடி காத்திருந்தார்.

யாரும் இறங்கவில்லை. டீச்சரின் கை பெட்டியின் மேலேயே இருந்தது.